இன்சூரன்ஸ் “ஐம்பதுக்கு ஐம்பது” என்று முடித்துவிட்டால்: எதிர்த்துக் கேட்பது எப்படி?

கேள்வி: நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் நிற்காமல் வெளியே வந்தது. என் காரின் முன்பக்கம் அதன் மீது மோதியது. நான் இண்டிகேட்டர் போட்டபடி வந்ததாகவும், தெருவுக்குள் திரும்பப் போகிறேன் என்று நம்பியே வெளியே வந்ததாகவும், நான் அதிவேகமாக வந்ததாகவும் அந்த ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே உண்மை இல்லை. மூன்றாம் நபர் சாட்சி இல்லை என்று சொல்லி, என் காப்பீட்டு நிறுவனம் ஆளுக்குப் பாதித் தவறு என்று முடிவு செய்துவிட்டது. என் காரில் கேமரா இருந்தது. ஆனால் மோதுவதற்கு ஒரு நொடி முன்புதான் அந்தக் கார் படத்தில் வருகிறது, என் இண்டிகேட்டர் அதில் தெரியவும் தெரியாது என்பதால் அனுப்பவில்லை. பதற்றத்தில் அந்த இடத்திலேயே “மன்னிக்கவும்” என்று வேறு சொல்லிவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதல் வேலையாக, கேமராவின் நினைவக அட்டையைக் கழற்றி, அதில் உள்ளதை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். இடம் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதைப் பதிவது இந்தக் கேமராக்களின் இயல்பு. மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து அந்த ஒரு துண்டை மட்டும் கேமரா தானாகப் பூட்டி வைத்திருக்கலாம். அதற்கு முந்தைய நிமிடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. நமக்கு அவையும் தேவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிளைம் பிரிவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கோப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். “ஐம்பதுக்கு ஐம்பது” என்று எழுதுகிறவரின் மனத்தில் பெரும்பாலும் ஓடுவது இவ்வளவுதான்: இரண்டு பேர், இரண்டு கதைகள், நடுவில் எதுவும் இல்லை, வழக்கு நடத்தினால் ஆகும் செலவு சேதத்தைவிட அதிகம், கோப்பை மூடு. நீங்கள் பாதிக் கவனக்குறைவாக ஓட்டினீர்கள் என்று யாரும் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இது ஒரு வணிக முடிவு. உங்கள் சார்பில் பேரம் பேசி முடித்துக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலான பாலிசிகள் நிறுவனத்துக்கே கொடுக்கின்றன; கையெழுத்துப் போடும்போது நாம் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. நிறுவனங்கள் இரண்டும் தமக்குள் செய்துகொண்ட இந்த ஏற்பாடு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பிரான்சில் காப்பீட்டு நிறுவனங்கள் தமக்குள் ஓர் அட்டவணையே வைத்திருக்கின்றன, இன்ன மாதிரி மோதலுக்கு இன்ன பங்கு என்று. அந்த அட்டவணை அவர்களுக்குள் பணம் பிரித்துக்கொள்ள மட்டுமே. அதைக் காட்டி வாடிக்கையாளரின் வாயை மூட முடியாது என்பதுதான் அங்குள்ள நிலை.

ஆகவே “அநியாயம்” என்று நான்கு பக்கம் எழுதி அனுப்புவதால் பயன் இல்லை. அப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. படிப்பேன், சில சமயம் வருத்தமாகக்கூட இருக்கும். கோப்பில் புதிதாக எதுவும் சேர்ந்திருக்காது, முடிவும் மாறாது. முடிவு எந்த ஒரு ஆணியில் தொங்குகிறதோ அந்த ஆணியைப் பிடுங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் ஆணிகள் இரண்டு: இண்டிகேட்டர், வேகம்.

அவைதாம் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த உண்மையின் அடிப்படையில், எந்த விதியின்படி, எந்தச் சான்றுகளைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் தொலைபேசியில் சொன்னதை அவர்கள் எழுதிவைத்த விதத்தையும் கேளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “அவரைக் கவனிக்கவே நேரம் இல்லை” என்று வாடிக்கையாளர் சொன்னது, கோப்பில் “எதிர் வாகனத்தைக் கவனிக்கவில்லை” என்று பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ இருப்பவராக இருந்தால், உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கட்டணம் இல்லாமல் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடலும் அதில் அடங்கும்.

அதே மின்னஞ்சலில் இன்னொரு கேள்வி: எதிர்த்தரப்புக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதா? கொடுக்கவில்லை என்றால், புதிய சான்று அனுப்பப்போகிறேன், அதைப் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள் என்று எழுதுங்கள். பணம் கைமாறிய பிறகு முடிவைத் திருப்புவது, ஓடிப்போன தண்ணீரை மடைக்குத் திருப்புவது போலத்தான்.

இனி கேமரா. அதில் எதுவும் இல்லை என்று நீங்கள் நினைத்தது தவறு. இருப்பதிலேயே வலுவான சான்று உங்களிடம்தான் இருக்கிறது.

இண்டிகேட்டர் படத்தில் தெரியாது, உண்மை. காதில் விழுமே! பல கேமராக்கள் ஒலியையும் பதிகின்றன. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிகளில் உள்ள வரம்பு. கார்களில் அதற்கேற்ப நொடிக்கு ஒன்றோ இரண்டோ “டிக்” ஒலி கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோதலுக்கு முந்தைய அரை நிமிடத்தைக் கேளுங்கள். பிறகு அதே பயணத்தில் அதற்கு முன்பு எங்காவது நீங்கள் திரும்பிய இடத்தைத் தேடுங்கள். அங்கே டிக் ஒலி தெளிவாகக் கேட்டு, விபத்துக்கு முன் கேட்கவில்லை என்றால், இண்டிகேட்டர் கதை அங்கேயே ஆட்டம் காணும். முந்தைய நிமிடங்களைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான்: ஒப்பிட ஒரு திருப்பம் இல்லாவிட்டால், ஒலிவாங்கி அந்த ஓசையைப் பிடிக்கும் அளவுக்கு நல்லதா என்று யாராவது கேட்பார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சிக்கல்தான். டிக் ஒலி கேட்டுவிட்டால்? அதையும் எதிர்பார்த்தே கேளுங்கள். முந்தைய திருப்பத்துக்குப் போட்ட இண்டிகேட்டர் அணையாமல் ஓடுவது நல்ல ஓட்டுநர்களுக்கும் நேர்வதே. அப்படி இருந்தால் வாதத்தின் போக்கை மாற்ற வேண்டும். பொய் சொல்லக் கூடாது.

அப்போதும் முழுத் தோல்வி இல்லை. இன்னொரு வண்டியின் இண்டிகேட்டர் அணைக்கப்படாமல் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள் என்று பிரிட்டனின் சாலை விதிநூலே ஓட்டுநர்களை எச்சரிக்கிறது. மின்னும் விளக்கை மட்டும் நம்பி, வேகம் குறைகிறதா, வண்டி ஒதுங்குகிறதா என்று பார்க்காமல் முன்னுரிமைச் சாலைக்குள் நுழைந்தவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உங்கள் பங்கு பாதிக்குக் கீழே வர வேண்டும் என்று வாதாட அதுவே போதும்.

அடுத்தது வேகம். கேமராவில் ஜிபிஎஸ் வேகம் அச்சாகியிருந்தால் நல்லது, ஆனால் அது சற்றுப் பின்தங்கியே காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். கணக்குப் போடுங்கள். படத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு பொருள்களை, இரண்டு விளக்குக் கம்பங்கள் என்று வைத்துக்கொள்வோம், தேர்ந்தெடுத்து, அந்த இடத்துக்குப் போய் இடைத்தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பிறகு கணினியில் படத்தைச் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) நகர்த்தி, முதல் கம்பம் திரையின் விளிம்பைத் தாண்டியதிலிருந்து இரண்டாவது கம்பம் அதே விளிம்பைத் தாண்டும்வரை எத்தனை சட்டங்கள் என்று எண்ண வேண்டும். தூரம் 30 மீட்டர், எண்ணிக்கை 66, கேமரா நொடிக்கு 30 சட்டங்கள் பதிகிறது என்றால், நேரம் 2.2 நொடி. 30ஐ 2.2ஆல் வகுத்தால் நொடிக்கு 13.6 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 49 கிலோமீட்டர். வரம்பு 50 என்றால் “அதிவேகம்” என்ற சொல் அத்தோடு போயிற்று. கேமரா உண்மையில் நொடிக்கு எத்தனை சட்டங்கள் பதிகிறது என்பதைக் கோப்பின் விவரத்தில் பார்த்துவிடுங்கள்; 25, 60 என்றும் இருக்கும்.

இதைவிட முக்கியமானது இன்னொரு எண்ணிக்கை. அந்தக் காரின் முன்சக்கரம் தெருவின் கோட்டைத் தாண்டிய கணத்திலிருந்து மோதும் கணம்வரை எத்தனை சட்டங்கள்? 33 என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.1 நொடி. அந்த வேகத்தில் நீங்கள் அதற்குள் கடந்திருக்கக்கூடிய தூரம் 15 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் ஒருவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் அதற்கே 21 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 14 மீட்டர். மொத்தம் 35 மீட்டர் தேவை, கிடைத்தது 15. ஒரு நொடிக்கு முன்புதான் அந்தக் கார் தெரிகிறது என்று நீங்கள் குறையாகச் சொன்னீர்களே, உங்கள் வழக்கின் உயிரே அதுதான். யார் ஓட்டியிருந்தாலும் தவிர்த்திருக்க முடியாது என்பதை அந்த ஒரு நொடி சொல்கிறது.

கேமரா இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஏர்பேக் உள்ள பல கார்களில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக் போன்றவற்றைப் பதியும் கருவி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். அதைப் படிக்கத் தனிக் கருவியும் ஆளும் வேண்டும், செலவும் உண்டு. சிறிய சேதத்துக்கு அந்த அளவு போக நான் சொல்ல மாட்டேன். காயம் பட்ட வழக்கில் நிச்சயம் சொல்வேன்.

சுற்றுப்புறக் கடைகள், வீட்டு வாசல்கள், பேருந்துகள் ஆகியவற்றின் கேமராக்களும் பழையதை அழித்துக்கொண்டே இருப்பவைதான், சிலவற்றில் சில நாட்களே தங்கும். தேதியையும் பத்து நிமிட இடைவெளியையும் குறிப்பிட்டு, அழிக்காமல் வைத்திருக்கும்படி உடனே எழுதிக் கேளுங்கள். தர மறுத்தாலும் பரவாயில்லை, அப்படியொரு பதிவு இருக்கிறது என்று உங்கள் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டால், அதைத் தேடாமல் முடிவெடுத்தது அவர்கள் குறையாகிவிடும். காரில் உங்களுடன் யாராவது இருந்தார்களா? உறவினர் என்பதால் எடை குறையும்; எடையே இல்லை என்று ஆகாது.

“மன்னிக்கவும்” பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மோதலின் அதிர்ச்சியில் எல்லோரும் சொல்கிற சொல் அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் இதற்கென்றே சட்டம் இயற்றின: மன்னிப்புக் கேட்டதைத் தவற்றை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களிலும் படத்தின் முன்னால் அந்த ஒரு சொல் நிற்காது. அந்த இடத்திலேயே இருவரும் கையெழுத்திட்ட விபத்துப் படிவத்தில் நீங்கள் போட்ட டிக் குறி வேறு விஷயம். ஐரோப்பாவில் வழங்கும் அந்தப் படிவத்துக்குப் பலம் மிக அதிகம். அதில் தவறாகக் குறித்திருந்தால் திருத்துவது கடினம்.

எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. எவ்வளவு போராட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது, ஏனென்றால் சதவீதத்தின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பாதி என்பதை இருபதாக்கினால் முப்பது சதவீதம் லாபம், அவ்வளவுதான். டெக்சாஸில் உங்கள் பங்கு 50 வரை இருந்தால் கிடைக்கும், 51 ஆனால் ஒன்றும் இல்லை. அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் இன்னும் பழைய கடுமையான விதிதான்: உங்கள் பக்கம் ஒரு சதவீதத் தவறு இருந்தாலும் எதிர்த்தரப்பிடம் கேட்கும் உரிமையே பொதுவாகப் போய்விடும். அங்கே “பாதிப் பாதி” என்பதை ஏற்றுக்கொள்வது வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதற்குச் சமம். பிரிட்டனில் நிறுவனம் தன் செலவு முழுவதையும் எதிர்த்தரப்பிடமிருந்து மீட்க முடியாத எந்தக் கிளைமையும் உங்கள் தவறு என்ற கணக்கில்தான் வைப்பார்கள். ஆகவே கிளைம் இல்லாத ஆண்டுகளுக்காகத் தரும் போனஸ் தள்ளுபடி விஷயத்தில் பாதியும் முழுதும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியாவில் சொந்தக் காரின் சேதத்துக்கான கிளைம் யார் தவறு என்பதைப் பார்த்து வருவதில்லை. தவறு பற்றிய சண்டை எதிர்த்தரப்பிடம் இழப்பீடு கேட்கும்போதுதான் தலைதூக்கும், அது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் வேலை.

ஒன்டாரியோ தனி ரகம். அங்கே தவறு யாருடையது என்பதை நிறுவனங்கள் அரசின் விதிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். வரைபடங்களோடு அச்சிடப்பட்ட விதிகள். மழை, வெளிச்சம், சாலையின் நிலை, கார்களில் அடி எங்கே பட்டது, இவை எதையும் பார்க்கக் கூடாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. எனவே “என் பம்பரின் இந்த மூலையில்தான் அடி” என்று அங்கே எழுதுவது வீண். உங்கள் விபத்துக்கு அவர்கள் பொருத்திய படம் தவறு, இன்ன எண் விதிதான் பொருந்தும் என்று எழுத வேண்டும். எந்தப் படமும் பொருந்தவில்லை என்றால்தான் பொதுச் சட்டத்துக்குப் போவார்கள்.

இப்போது கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் கிளைம் எண், விபத்துத் தேதி, எந்த முடிவை எதிர்க்கிறீர்கள் என்பது. அடுத்து இப்படி எழுதலாம்: “உங்கள் முடிவு இரண்டு கூற்றுகளின் மீது நிற்கிறது. இணைப்பு ஒன்றிலுள்ள ஒலிப்பதிவில், விபத்துக்கு ஆறு நிமிடம் முன்பு நான் திரும்பியபோது இண்டிகேட்டர் ஒலி கேட்கிறது. விபத்துக்கு முந்தைய முப்பது நொடியில் கேட்கவில்லை. இணைப்பு இரண்டில் என் வேகம் மணிக்கு 49 கிலோமீட்டர் என்பதற்கான கணக்கும், அளந்த இடத்தின் படங்களும் உள்ளன. இணைப்பு மூன்றில் எதிர் வாகனம் கோட்டைத் தாண்டிய 1.1 நொடியில் மோதல் நிகழ்ந்தது தெரிகிறது. இவற்றைக் கருத்தில் கொண்டு முழுப் பொறுப்பும் எதிர்த்தரப்புடையது என்று முடிவைத் திருத்தும்படி கேட்கிறேன். மறுத்தால், ஒவ்வொரு சான்றையும் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” அந்தக் கடைசி வரிக்காகத்தான் கடிதமே. காரணம் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், மூடிய கோப்பை ஒரு மூத்த அதிகாரி திறந்து பார்த்தாக வேண்டும்.

கேமராப் பதிவை ஏன் முன்பே தரவில்லை என்று கேட்பார்கள். மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்: பயன்படாது என்று நினைத்தேன். படத்தை வெட்டி ஒட்டாமல் முழுக் கோப்பாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெட்டப்பட்ட பகுதியைப் பற்றித்தான் பேச்சு முழுவதும் நடக்கும்.

மறுபடியும் மறுத்தால் முறையான புகாராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிரிட்டனில் அதற்குப் பதில் தர நிறுவனத்துக்கு எட்டு வாரம். அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பிடம், போக வேண்டும். இங்கே பலர் சறுக்குவார்கள். யார் மீது தவறு என்று குறைதீர்ப்பாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நிறுவனம் முறையாக விசாரித்து நியாயமாக முடிவெடுத்ததா என்று மட்டுமே பார்ப்பார். ஆகவே அவருக்கு எழுதும்போது “அவர்தான் மோதக் காரணம்” என்பதைவிட, “பதிவைக் கொடுத்தேன், பார்க்கவில்லை, கணக்கைக் கொடுத்தேன், பதில் இல்லை” என்பதே வெல்லும். மாசசூசெட்ஸில் வேறு வழி: உங்கள் தவறு பாதிக்கு மேல் என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் விதித்தால், அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் மாநிலத்தின் மேல்முறையீட்டு வாரியத்திடம் போகலாம். எங்கு இருந்தாலும் இப்படி ஒரு கெடு இருக்கும். இறுதிக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் அது அச்சாகியிருக்கும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி, எதிர் ஓட்டுநர் மீது நேரடியாகச் சிறு வழக்கு தொடுக்கும் வழி பெரும்பாலான நாடுகளில் உண்டு. அதற்கு முன் எதிலும் “முழுமையான இறுதித் தீர்வு” என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழக்குப் போடப் போவதை உங்கள் நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

எல்லா முடிவையும் எதிர்க்கச் சொல்கிறவன் அல்ல நான். பின்னால் போய் இடித்தவர், ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்தவர், பார்க்காமல் கதவைத் திறந்தவர் வந்து கேட்டால், பெரும்பாலும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் முன்னுரிமைச் சாலையில் நேராக வந்தவர், கையில் பதிவும் இருக்கிறது. உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கார் இன்னும் பணிமனையில் இருக்கிறதா? பழுது பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கழற்றிய பம்பரையும் விளக்கையும் தூக்கி எறியாமல் ஒரு மூலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன்பு நான்கு பக்கமும், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பத்து இருபது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.